எந்தப் பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை ஒன்றின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த அழைப்பு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று குழாய்களில் எச்சில் கொடுத்துவிட்டு அவர் மறந்தே போயிருந்த ஆராய்ச்சி. முப்பது நாட்டு மருத்துவர்கள் கூடி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மரபணுக்களைப் பெற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மகனுக்குத் துப்பத் தெரியாது. மனைவி நாலு நாள் பஞ்சுக்குச்சியும் கையுமாக அவன் பின்னால் அலைந்து குழாயைக் கோடுவரை நிரப்பினாள். அத்தனை பாடுபட்டும் மறு வருஷம் வந்த கடிதத்தில் ‘இதுவரை எதுவும் தெரியவில்லை’ என்று ஒரே வரிதான் இருந்தது.

“இப்போ தெரிஞ்சிருக்கு சார்,” என்றாள் ஆராய்ச்சி நிலையத்துப் பெண். “அதே மாற்றம் உலகத்துல இன்னும் ஒன்பது பிள்ளைங்களுக்கு இருக்கு. இத்தனை குடும்பம் சேர்ந்ததாலதான் உறுதியாச் சொல்ல முடியுது. அது உங்ககிட்டயும் இல்ல, உங்க மனைவிகிட்டயும் இல்ல. பையன்கிட்டதான் புதுசா வந்திருக்கு.”

“இன்னொரு பிள்ளை பெத்திருந்தா?”

“இதே மாற்றம் திரும்ப வர நூத்துல ஒரு வாய்ப்புதான் சார்.”

நாலு மணிக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்ததால் வில்லையைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான் போலிருக்கிறது.

அந்த ஒரு வரிக் கடிதம் வந்தபோது மனைவிக்கு மூன்றாம் மாசம். அவள் சித்தப்பா ஒருவர் ஆயுசு முழுக்க யாரோடும் பேசாமல் இருந்ததை இவருடைய அம்மா சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். உலை வாயை மூடலாம், அம்மா வாயை மூட அவரால் முடியவில்லை, முயலவும் இல்லை. “இன்னொண்ணை நம்மால தாங்க முடியாது,” என்று சொன்னவர் அவர். கலைக்கக் கூட்டிப்போனவரும் அவர்தான். தன் ரத்தம்தான் காரணம் என்று நம்பியவள் எதை வைத்து எதிர்த்துப் பேசுவாள்?

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பேசினார்கள் என்று சொன்னார்.

“எந்தப் பக்கமாம்?” தலை நிமிராமல் கேட்டாள்.

உண்மையைச் சொல்லத்தான் வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தார். ஆனால் இரண்டு பக்கமும் இல்லை என்று சொன்னால், அன்றைக்குப் போனது சும்மாவே போனது என்றும் சொல்லியாக வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

“என் பக்கம்தான்.”

அவள் கையிலிருந்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து, “உங்கம்மா இருந்திருக்கலாம்,” என்றாள். பிறகு மெதுவாக, “அப்போ அன்னைக்கு நாம செஞ்சது சரிதான்.” பதினோரு வருஷத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து அவர் பார்த்ததில்லை. தாங்க முடியாமல் அவர் ஒரு காலுறையை எடுத்து அதன் ஜோடியைத் தேடினார்.

“என்னங்க, உங்க தங்கச்சி பொண்ணுக்கு இப்போ மூணாம் மாசம். அவளும் உங்க ரத்தம்தானே. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்.”

“இரு, அவசரப்படாத,” என்று அவர் வாயெடுப்பதற்குள் அவள் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். தொலைபேசியின் அதிர்வு மகனுக்குப் பிடிக்கும். நகர்ந்து வந்து அதன் முதுகில் கன்னத்தை அழுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

“சொல்லுங்க அண்ணி,” என்று தங்கையின் குரல் சிரித்துக்கொண்டே வந்தது. அதைக் கன்னத்தில் வாங்கி மகனும் சிரித்தான். ஒற்றைக் காலுறையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.