துண்டு கிடந்த இடம்

பாக்கியநாதனுடைய துண்டு ஃபின்னிஷ் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை வரைக்கும் வந்துவிட்டது. பாக்கியநாதன் இன்னும் மாடிப்படியில்தான் இருந்தான்.

வடதுருவம் டுடோரியல் பாளையங்கோட்டையில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. சேர்ந்த அன்று மாடிப்படி பதினேழு. மறுநாள் முப்பத்து நான்கு. இரண்டாம் வாரம் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். வழியில் உட்கார்ந்து சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனான். மேலே போய்ச் சேரும்போது வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிக்கொண்டிருப்பார்கள். இறங்குகிறவர்களுக்குப் பதினேழு படிதான்.

யாரையும் குறை சொல்ல முடியாது. ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் ஐந்து மணிக்குத்தான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸை விட்டுப் புறப்படுகிற ஆள் அவன். மாடிப்படிக்கு அது தெரிந்திருந்தது.

இடம் போய்விடக் கூடாதே என்பதுதான் அவன் கவலை. ஊரில் பாதிப்பேர் ஃபின்னிஷ் படித்தார்கள். ஒரு பெஞ்சுக்கு ஏழு பேர். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, தெருவில் நின்றபடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டுப் போவான். பச்சைக்கரை போட்ட ஈரிழைத் துண்டு. இரண்டாம் பெஞ்சில் சுவரோரமாகப் போய் விழும். பஸ்ஸில் இருபது வருஷம் போட்டுப் பழகிய கை.

துண்டு கிடக்கும் இடத்தில் நம்மூரில் யாரும் உட்கார மாட்டார்கள். கொலை செய்துவிட்டு வந்தவன்கூட, ஆள் இருக்கிறது போல என்று தள்ளித்தான் உட்காருவான்.

ஆள் வரவில்லை. துண்டு படித்தது.

அவன் ஃபின்னிஷ் படிக்க வந்தது மகளுக்காக. மனைவி பியூலா நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃபின்லாந்தில் தாம்பெரே என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. "நீ பிள்ளையைக் கூட்டிக்கிட்டு முதல்ல போ. நான் பின்னாலயே வாரேன்" என்று இவன்தான் சொன்னான். ஷெரினுக்கு அப்போது மூன்று வயது. இப்போது ஆறு. பால்பல்லோடு சேர்ந்து தமிழும் அவளுக்கு விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் ஏதோ சொல்லுவாள். இவன் "ஆங்" என்பான். அவள் இன்னொரு தடவை சொல்லுவாள். இவன் இன்னொரு "ஆங்" போடுவான். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மீதி நேரம் முழுக்க இவன் அந்த வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல கூரை.

"அடிப்படை இலக்கணமாவது முடிச்சிட்டு வாங்க" என்றாள் பியூலா. "முடிச்சாச்சுன்னு ஒரு சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்க, டிக்கெட் எடுத்து அனுப்புதேன். பேச்சு வராத ஆளுகளை நாள் பூராப் பாத்துட்டு வாரேன். வீட்டுலயும் ஒண்ணு வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அதனால் படி ஏறினான்.

வகுப்பு எடுத்தவர் ஆவுடையப்பன் சார். அவர் ஃபின்லாந்துக்குப் போனதில்லை. போனால் உச்சரிப்பு கெட்டுவிடும் என்று பயந்தார். நாற்பதாவது நாள், மேல்படியில் மூச்சு வாங்கி நின்றவனை அவரே பிடித்துக்கொண்டார்.

"உம்ம துண்டு பிரமாதம்வே. அந்தப் பாஷையில பதினஞ்சு வேற்றுமை. நமக்கு எட்டு. அந்த எட்டுக்கே பள்ளிக்கூடத்துல நீரு என்ன மார்க்கு?"

"இருபத்தொண்ணு, சார்."

"துண்டு தொண்ணூத்தொண்ணு."

"சார், அது இடம் புடிக்கப் போட்டது."

"புடிச்சிட்டுல்லா? அப்புறம் என்ன?"

"எனக்குப் புடிக்க, சார்."

சார் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 'பாக்கியநாதன்' என்ற பெயருக்கு நேராக நாற்பது நாளும் ஆப்சென்ட். அதற்குக் கீழே 'பாக்கியநாதன் துண்டு' என்று புதிதாக ஒரு வரி. நாற்பது நாளும் பிரசென்ட்.

"உம்ம பேருக்கு நேரா நான் டிக் போடணும்னா, நீரு இருக்கீருன்னு ஒரு படிவம் வேணும்."

"இந்தா நிக்கேனே சார்."

"நிக்கீரு. எவன் இல்லேன்னான்? இருக்கீரான்னு கேக்கேன்."

படிவத்தில், அவனை நன்றாகத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வகுப்பில் அவனைத் தெரிந்தது துண்டு ஒன்றுக்குத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றது துண்டு.

"மனசை விட்டுராதீரும்" என்றார் சார், விளக்கை அணைத்தபடி. "அந்தப் பாஷையில எதிர்காலமே கிடையாது. வருவேன்னு சொல்ல வழியில்ல. வாரேன்னுதான் சொல்லணும்."

"நான் எப்பவும் அப்படித்தான் சார் சொல்லுதேன்."

வீட்டில் துண்டு கொடியில் தொங்கிக்கொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்க்கும். தாலோ என்றால் வீடு. தாலோஸ்ஸா, வீட்டுக்குள்ளே இருக்க. தாலோஸ்தா, வீட்டைவிட்டு வெளியே வர. தாலோஓன், வீட்டுக்குள்ளே போக. பாக்கியநாதன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து கூடவே சொல்லுவான். வெளியே வருகிற வரைக்கும் அவனுக்கு வந்தது. திரும்ப உள்ளே போக வரவில்லை.

"இல்லைன்னு சொல்ல மட்டும் ஆறு சொல்லு, அண்ணாச்சி" என்றது துண்டு. "நான் இல்லைக்கு ஒண்ணு. நீ இல்லைக்கு ஒண்ணு. ஆளுக்கு ஆள் தனி."

"எனக்கு முதல்ல உள்ளது போதும்" என்றான்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு அதை எடுக்கப் போனான்.

"துவட்டிராதிய! துவட்டுனாப் பிழியணும். பிழிஞ்சா ஏழாம் வேற்றுமை வடிஞ்சிரும்."

நியாயம்தான். அன்றிலிருந்து பழைய லுங்கியில் துவட்டிக்கொண்டான். தலைமயிரில் ஊதாச் சாயம் ஏறியது. பார்சல் ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் தலையை யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெரின் போனில் வந்தாள். முன்பல் ஒன்றைக் காணோம். ஏதோ சொன்னாள். அவன் "ஆங்" என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தோளில் கிடந்த துண்டு பதில் சொல்லிவிட்டது.

ஷெரின் போனைக் கீழே வைக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். துண்டு பேசிற்று. அவள் பேசினாள். துண்டு ஒரு கதை சொன்னது. அவள் சோபாவில் விழுந்து உருண்டு சிரித்தாள். நாற்பது நிமிஷம். பாக்கியநாதனுக்குப் போனைப் பிடித்திருந்த கை வலித்தது. மாற்றிப் பிடித்தால் துண்டு படத்தைவிட்டு நகர்ந்துவிடும் என்று அப்படியே பிடித்திருந்தான்.

"எதுக்குச் சிரிக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஒரு ஆளு மாடி ஏறுத கதை, அண்ணாச்சி."

"அதுல என்ன சிரிப்பு?"

"ஏறிக்கிட்டே இருக்காம்லா."

பியூலா போனை வாங்கினாள். "பிள்ளை இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள். "நல்லாப் பேசுதிய."

"அது நான் இல்ல, பியூலா. துண்டு."

"தெரியும். உங்க குரலு எனக்குத் தெரியாதா?"

"மாடிப்படி நீளமா இருக்கு, பியூலா. இடம் புடிக்கத்தான் அதைப் போட்டேன். பின்னாலயே போயிரலாம்னு…"

"என்னையும் அப்படித்தான போட்டிய?"

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு மாத்திரை நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். "இங்க சாப்பாட்டு மேஜைக்கு மூணு நாற்காலி. மூணாவதுல பிள்ளை ஸ்வெட்டரைப் போட்டு வைக்கா." பிறகு கேட்டாள்: "துண்டுக்கு எப்ப பரீட்சை?"

பரீட்சை வெள்ளிக்கிழமை நடந்தது. பாக்கியநாதன் படியில் இருந்தபடியே கேட்டான். வாய்மொழித் தேர்வு. அந்த மொழியில், ஒன்று இல்லாமல் இருப்பதற்கே ஒரு வேற்றுமை உண்டு. அதற்கு உதாரணம் கேட்டார் சார்.

"அப்பா இல்லாமல்" என்றது துண்டு, ஃபின்னிஷில்.

"அருமை. சொந்த அனுபவமா?"

"கேள்விப்பட்டது, சார்."

முழு மார்க்கு. சர்ட்டிபிகேட்டைச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தார்கள். நான்கு நாளில் தாம்பெரேயிலிருந்து டிக்கெட் வந்தது. சென்னையிலிருந்து விமானம். பெயர்: பாக்கியநாதன் துண்டு. ஒரு இருக்கை. ஜன்னலோரம்.

பாக்கியநாதன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான். கொல்லைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தான். துண்டைக் கொடியிலிருந்து உருவி எடுத்தான். முக்கிப் பிழிந்தால் பதினைந்து வேற்றுமையும் வாளிக்கு வந்துவிடும். எடுத்துக் குடித்துவிடலாம். நாற்பத்து நான்கு வயதில் அவனுக்குத் தோன்றிய தெளிவான திட்டம் இது ஒன்றுதான்.

துண்டு திமிறவில்லை. வாளிக்கு மேலே தொங்கிக்கொண்டு பேசிற்று.

"குடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. உங்க துண்டுதான். ஆனா அந்தக் கதை பாதியில நிக்கி. அந்த ஆளு மேல போய்ச் சேருவானான்னு பிள்ளை கேட்டிருக்கு. நேர்ல வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். நீங்க சொல்லிருவியளா?"

பாக்கியநாதன் யோசித்தான். இலக்கணம் வந்துவிடும். அதில் சந்தேகமில்லை. போய்ச் சேருவானா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம். அவனுக்குத் தமிழிலேயே இட்டுக்கட்டத் தெரியாது. ஷெரின் இரண்டு தடவை கேட்பாள். அப்புறம் கூரை.

வாளித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினான். துண்டை விரித்து, சூடு மிதமாக வைத்து, கரையோரம் சுருங்காமல் இஸ்திரி போட்டான்.

சென்னைக்குப் பகல் வண்டி. துண்டிடம் அடையாள அட்டை இல்லாததால் முன்பதிவு கிடைக்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் முன்பதிவில்லாத பெட்டியின் வாசல் அடைத்துக்கொண்டிருந்தது. அவன் ஜன்னல் பக்கம் போனான். சர்ட்டிபிகேட்டையும் டிக்கெட்டையும் மடிப்புக்குள் வைத்தான். எதையாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்தான்.

"பிள்ளை தலைக்குக் குளிச்சா நல்லா துவட்டிவிடு" என்றான். "சளி புடிச்சுக்கிடும்."

"வேற்றுமை எல்லாம் வடிஞ்சிருமே, அண்ணாச்சி."

"கொஞ்சம் வடிஞ்சாப் பரவாயில்ல."

கம்பிகளுக்கு நடுவே போட்டான். ஜன்னலோர இடத்தில் சரியாகப் போய் விழுந்தது.

அந்நேரம் உள்ளே ஒருவர், கையில் பிரஷர் குக்கரோடு நெருக்கிப் பிதுங்கி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இந்தத் துண்டு யாருதுங்க?"

"என்னுது."

"நீங்க ஏறுதியளா?"

பாக்கியநாதன் துண்டைப் பார்த்தான். அது வெறும் துண்டு எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது.

"ஏறலைன்னா சொல்லிருங்க. எடுத்து உங்க கையிலயே குடுத்துட்டு உக்காந்துக்கிடுதேன். மெட்ராஸ் வரைக்கும் நிக்கணும். காலு வேற ஆபரேஷன் பண்ணுன காலு."

வண்டி ஊதியது. அந்த மனிதர் குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எடுத்துக் கொடுக்கத் தயாராக, துண்டின் ஒரு நுனியைத் தொட்டார். பாக்கியநாதன் கம்பிக்குள் கையை நீட்டினால் போதும்.

"ஆளு வருதா, இல்லையாங்க?"

"வருது" என்றான் பாக்கியநாதன்.

"எப்ப?"

"வந்துக்கிட்டே இருக்கு."

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நுனி கசங்கியிருந்ததை நீவி நேராக்கினார். வண்டி நகர்ந்தது. பாக்கியநாதன் கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். பிறகு நடைமேடை முடிந்துவிட்டது.

அந்த மனிதர் நல்லவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மாற்றி வைத்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வருகிற ஆள் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.