எழுபத்திரண்டாம் எண்

டாக்டர் அருள்நாதன் வாஷிங்டன் போய் மூன்று வருஷமாகிவிட்டது. இரண்டே வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று லூர்துராணியிடம் சொல்லிவிட்டுப் போன ஆள். இருதயத் துடிப்புக் கோட்டைப் படித்துச் சொல்ல அங்கே ஒரு கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்களாம். நம் பக்கத்துப் பெண்களின் கோடு அதற்குப் பழக்கமில்லை, நூறு பேருடையதை அனுப்பு, பெயர் வேண்டாம், எண்ணும் வயதும் போதும் என்று 1964 ஆகஸ்டில் எழுதியிருந்தார்.

திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்களுக்கு இ.சி.ஜி. எடுப்பது லூர்துராணியின் வேலை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்பு தூக்கித் தோள் காய்த்துப்போனவரின் மகள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உப்புத்தண்ணீர்த் துணி சுற்றி, தகடு வைத்து, வாரை இழுத்துக் கட்டவேண்டும். ஸ்ரீரங்கத்து மாமிகள் வார் தோலா ரப்பரா என்று விசாரித்த பிறகே கை நீட்டுவார்கள். சந்தையில் மூட்டை சுமக்கிற பெண்கள் கட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள். படுக்கக் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிசு.

எழுபத்தோரு பேர் முடிந்த அன்று தன் கையிலும் காலிலும் தானே வாரைக் கட்டிக்கொண்டு படுத்தாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற ஆயா ரோசரி, "நெஞ்சு வலியாடி, அமெரிக்கா வலியா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. போடுங்க."

அவளுக்கு நாலைந்து துடிப்புக்கு ஒன்று முந்திக்கொண்டு குதிக்கும். படிக்கிற காலத்தில் அருள்நாதன் அவள் கோட்டை வைத்துத்தான் படிக்கப் பழகினார். ஆயிரம் கோட்டைக் கலந்து போட்டாலும் உன்னுடையதை எடுத்துவிடுவேன் என்பார். எழுபத்திரண்டு என்று எண் போட்டுத் தன் கோட்டையும் நூறோடு சேர்த்தாள். எடுக்கட்டும். எடுத்தால், வருகிறேன் என்று ஒரு வரி எழுதமாட்டாரா? லால்குடி வாத்தியார் வீட்டில் பெண் கேட்டு நெருக்குகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் பிறந்தால் கோவிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் ஒரு முடிவு சொல் என்று அப்பா நிற்கிறார்.

பிப்ரவரியில் பதில் வந்தது. கம்ப்யூட்டர் அச்சடித்த நீளக் காகிதம். கோடுகளை அங்கே வேறு பெண்கள் அளந்து, அந்த அளவை அட்டையில் துளைகளாகப் போட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொடுத்துவிடுகிறார்களாம். ஒன்றைக்கூடத் தான் பார்க்கவேண்டி வரவில்லை என்று அருள்நாதன் பெருமையாக எழுதியிருந்தார். எழுபத்திரண்டாம் எண்ணுக்கு நேரே, இடையில் முந்தும் துடிப்பு, ஆபத்தில்லை என்று இருந்தது. சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஊருக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் நாற்பது அனுப்பச் சொல்லியிருந்தார்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் ரோசரி.

"பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து கை கழுவும்போது, "லால்குடிக்காரங்கள வரச் சொல்லுங்கப்பா" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

மறுநாளிலிருந்து நாற்பது பேருக்கு எடுத்தாள். அத்தனையும் மற்றவர்களுடையது. மடிப்பது, கட்டுவது, ஒட்டுவது எல்லாம் ரோசரி. உறைமேல் அருள்நாதன் பெயரை மட்டும் லூர்துராணி எழுதினாள். மை காய்ந்த பிறகும் ரோசரியிடம் கொடுக்க மனசில்லாமல் கையிலேயே வைத்திருந்தாள்.