அயனி வரிசையின் மறுமுனை

அந்த ஊரில் ஒரு குடும்பம் சேருமா பிரியுமா என்பதை அயனிக்கூடத்தில்தான் பார்ப்பார்கள். ஆளுக்கு ஓர் அயனி. வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து வரிசையாக நிறுத்தி, லேசரால் அசைவு அடங்கும்வரை குளிரவைப்பார்கள். பிறகு காந்தப்புலத்தை மெல்லக் கூட்டுவார்கள். ஓர் அளவுவரை எல்லா அயனிகளும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அதைத் தாண்டினால் ஒன்றையொன்று மறந்துவிடும். அயனிகள் செய்வதையே ஆட்களும் செய்வார்கள்.

அங்கே புலத்தைக் கூட்டிக் குறைப்பது உமையாளின் வேலை. அவள் கணவன் செவுகன் கப்பல் வேலைக்குப் போனவன். கொஞ்ச நாளாகப் போனும் இல்லை. ஒரு மதியம், அன்றைய குடும்பங்களை முடித்துவிட்டு, தனக்கு ஓர் அயனியும் அவனுக்கு ஓர் அயனியும் நிறுத்தினாள்.

"ரெண்டே பேர வச்சு சேர்றாங்களா பிரியறாங்களான்னு நிலைமாற்றம் பாக்க முடியாதுக்கா," என்றாள் உடன் வேலைபார்க்கும் ரெஜினா. "கூட்டம் வேணும்."

செவுகன் எப்போது வருவான் என்று தன்னிடம் விசாரித்தவர்களையெல்லாம் நடுவே நிறுத்தினாள் உமையாள். இஸ்திரி போடும் அருளப்பன், மாடிவீட்டு பேங்க் மேனேஜர், தண்ணீர் கேன் போடும் ரபீக், பல் டாக்டர். ஒரு முனையில் அவள், மறுமுனையில் செவுகன்.

பிரிந்தவர்களுக்குப் புலத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குறைத்தாள். மறப்பதற்கும் சேர்வதற்கும் நடுவே ஓர் இடம் உண்டு; அங்கே ஒரு முனை நடுங்கினால் மறுமுனையும் நடுங்கும். திரையில் அவளுடைய ஒளிப்புள்ளி நடுங்கியது. வரிசையின் கடைசியில் அவனுடையதும் நடுங்கியது.

"இங்கயே நிக்க முடியாதுக்கா. சூடேறுது. ஏதாவது ஒரு பக்கம் போயிருங்க."

"கொஞ்ச நேரம் இரு."

துறைமுகத்தில் கையை விட்ட பிறகு அவன் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. இன்னும் சற்றுக் குறைத்தாள். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக எரிந்தன.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் அருளப்பன், பயணப் பெட்டியோடு. முகம் உப்புக்காற்றில் கறுத்திருந்தது.

"உமையா, வந்துட்டேன்."

"வாங்க," என்றாள். "ஏன் இவ்வளவு இளைச்சிட்டீங்க?"

அவருக்குப் பின்னால் மேனேஜர் பெட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ரபீக், பிறகு பல் டாக்டர். யாரும் முந்தவில்லை. எல்லோருக்கும் கடைசியில், தெருமுனையில், செவுகனின் நீலச் சட்டை தெரிந்தது.

உமையாள் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, தோளில் சாய்ந்து அழுது, கடல் எப்படி இருந்தது என்று கேட்டு, காபி கொடுத்தாள். ரபீக்கிடம் அழுதுகொண்டிருக்கும்போது பால் தீர்ந்துவிட்டது. பால் வாங்க மேனேஜர் கிளம்பினார்.

தெருமுனையில் செவுகன் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.