முத்திரை மீனுக்கு ஒரு ஊசி

அந்த மீனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் முத்திரை. விரல் நீளம்தான் இருக்கும். பெண் மீன்கள் எல்லாம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆண் மட்டும் இளஞ்சிவப்பு, அதன் விலாவில் அலுவலக முத்திரை குத்திவிட்டதைப் போல ஊதா நிறத்தில் ஒரு சதுரம். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சதுரம்தான் வேண்டும். பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். மீனிலும் அப்படித்தான்.

பிறக்கும்போது எல்லாமே பெண். கடலடிப் பாறையில் ஓர் ஆணைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் திரியும். ஆணைப் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில், இருப்பதில் பெரியவள் நிறம் மாறி, விலாவில் சதுரம் வாங்கி ஆணாகிவிடுவாள். “மாப்பிள்ளை தேடி அலைய வேண்டாத குடும்பம்டா” என்று படகுக்காரர் சிரிப்பார். மாறியவளையும் பிடித்தார்கள். அடுத்தவள் மாறினாள், அவளையும் பிடித்தார்கள். கடைசியில் மாறுவதற்கு ஆளில்லாமல் பாறை வெறும் பாறையாக நின்றது. அதனால் இன்னும் கீழே போனார்கள். பத்து மாடி உயரத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும் ஆழம் அது.

தம்பிதான் இறங்குவான். படகில் ஒரு பழைய கம்ப்ரஸர், அதிலிருந்து நீளமாக ஒரு குழாய். குழாய் முனையைப் பல்லில் கடித்து, அதில் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு போவான். கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வது படகுக்காரர், அவனுக்குத் தாய்மாமன். குழாயை விடுவதும் இழுப்பதும், இடையில் உலை வைப்பதும் சமையல்காரன் வேலை. மேலே வந்த மீன்களைக் கவனிப்பது தம்பியின் அக்கா. படகில் எல்லோருக்குமே அவள் அக்காதான். வாய் தவறினால் மாமாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மீனின் வயிற்றில் ஒரு காற்றுப் பை உண்டு. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே கொண்டுவந்தால் அது ஊதிப் புடைத்து, கண் பிதுங்கி, மீன் மல்லாந்து மிதக்கும். சாயங்காலத்துக்குள் செத்துவிடும். அதனால் மீன் கூடையைப் பாதி ஆழத்தில் ஒரு முறை, மேலே வருவதற்கு மூன்று ஆள் உயரம் இருக்கும்போது இன்னொரு முறை நிறுத்தி வைப்பார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். தனியே விட்டால் பெரிய மீன்கள் வந்து கூடையின் வலையைக் கடித்துக் குதறும் என்று, தம்பியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடையோடு நிற்பான். குளிரில் பல் கிட்டிப்போய் மேலே வருவான். “மீனுக்கு வந்த வாழ்வைப் பாரு” என்று மாமா எரிந்து விழுவார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சர்க்கரை நோய்க்காரர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசி. மீனை ஈரத் துணியில் பிடித்து, பக்கத் துடுப்புக்குப் பின்னால் இரண்டு செதில்களுக்கு நடுவே சாய்த்துக் குத்தினால், காற்று பொடிக் குமிழியாக வெளியே வந்துவிடும். ஒரு மயிரிழை அதிகம் போனால் குடல் கிழியும். முதல் வாரம் பாதி மீன் செத்தது. ஒரு மாதம் போனதும் ஒன்றுகூடச் சாகவில்லை.

“இனிமே கூடையோட எதுக்கு நிக்கணும்?” என்றார் மாமா. “நேரா மேல வா. அக்கா கை இருக்குல்ல.”

அன்றிலிருந்து தம்பி ஒரு நாளைக்கு இரண்டு முறை இறங்கினான். குளிரில் நிற்கிற தொல்லை விட்டது. “எங்கக்காவுக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் அவள் வேலையைப் புகழ்ந்தால் வேறு எப்படி இருக்கும்?

மூன்றாம் மாதம் ஒரு பகலில், இரண்டாவது முறை ஏறி வந்தவன் தோளைத் தேய்த்துக்கொண்டான். “பிடிச்சுக்கிச்சு போல” என்றான். அவள் மீன்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒன்பது மீன். ஒன்பதாவதை நீந்தவிட்டு அவள் திரும்பியபோது அவன் எழ முயன்றுகொண்டிருந்தான். “அக்கா, கால் எங்க இருக்குன்னே தெரியலக்கா” என்று சொல்லிச் சிரித்தான். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆறு மணி நேரமானது. டாக்டரம்மா அவன் உள்ளங்காலில் ஒரு குச்சியால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

“மேல வரும்போது நடுவுல நின்னு நின்னு வருவாரா?”

“முன்னாடி நிப்பான் டாக்டர். மீனுக்காக.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம். இப்போ நிக்கறதில்ல.”

“அதாம்மா இத்தனை வருஷம் இவரைக் காப்பாத்திட்டு இருந்தது. மீனுக்கு வயித்துல காத்து ஊதற மாதிரி, இவருக்கு ரத்தத்துல குமிழி வருது. நின்னு வந்தா மூச்சுலயே போயிடும். ஏன் நிறுத்தினீங்க?”

தம்பி கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. அதைப் பற்றி அவன் அன்றும் பேசவில்லை, வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகும் பேசவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை.

ஆறு வாரம் கழித்து மாமா வந்தார். கட்டில் பக்கம் பார்க்காமல் பேசினார். சமையல்காரன் இறங்கச் சம்மதித்துவிட்டானாம், அக்கா படகுக்கு வர வேண்டுமாம்.

“வரேன் மாமா. ஆனா அவன் கூடையோட நின்னு வரட்டும்.”

“டாக்டருக்கென்ன, கரையில உக்காந்துட்டு ஆயிரம் சொல்லுவாங்க. இவன் அன்னைக்கு உடம்பு சரியில்லாம இறங்கிட்டான், அவ்வளவுதான். நின்னு வந்தா ஒரு தடவைதான் இறங்க முடியும். நீ ஊசியை எடு.”

சமையல்காரனிடமும் சொல்லிப் பார்த்தாள். “மாமாவே பயப்படல, எனக்கென்னக்கா” என்றான். கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது அவனுக்கு.

அவன் இறங்கிய முதல் நாள் பதினொரு முத்திரை வந்தது, அத்தனையும் ஆண். கடலடியில் மங்கலாகத் தெரிந்திருக்கும் ஊதா, வெயிலில் பளிச்சென்று நின்றது. முதல் மீனைத் துணியில் எடுத்தாள். அதன் செவுள் அவள் கட்டைவிரலுக்கடியில் அடித்துக்கொண்டது. வழக்கமான இடத்தில்தான் குத்தினாள். ஒரு மயிரிழை அதிகம் விட்டாள். வாளியில் விட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்தது. அடுத்ததை எடுத்தாள். ஆசையாகக் கற்றுக்கொண்ட கையால் பாவம் செய்கிறோமே என்று அவளுக்கு அழுகையாக வந்தது, ஆனால் பதினொன்றையும் முடித்தாள்.

மாமா வாளியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். மறுநாளும் அப்படியே ஆனதும் கத்தவில்லை. “உன் கை போச்சும்மா. தம்பியை நெனச்சு நடுங்குது. நீ வீட்ல இரு” என்றார். சமையல்காரனைப் பார்த்து, “நீ பழையபடி கூடையோட நின்னு வா. வேற வழியில்ல” என்றார்.

அந்த வாரக் கடைசியில் சமையல்காரன் தம்பியைப் பார்க்க வந்து, குளிர் தாங்கவில்லை என்று புலம்பி, நடந்ததையும் சொல்லிவிட்டுப் போனான். அவன் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் தம்பி அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

“என்னாலதானேக்கா உன் கை இப்படி ஆயிடுச்சு” என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தப் பொய்யை அப்படியே விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

“கைக்கு ஒண்ணும் ஆகலடா. வேணும்னேதான் குத்தினேன். அவன் நின்னு வரணும்னு.”

அவன் அவள் கையைப் பார்த்தான். அது துளியும் நடுங்கவில்லை.

“ரெண்டு நாள்ல எத்தனை போச்சு?”

“இருபது.”

“நான் நிக்காம நேரா மேல வந்தப்போ நீ ஒண்ணைக்கூடச் சாகவிடலியேக்கா.”

“ஆமாடா” என்றாள்.

அவனைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரமாகியிருந்தது. ஒரு கையை முதுகுக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்துத் திருப்பினாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டான்.