கொம்பு குறைந்த ராஜ்ஜியம்

வரலாற்று வாத்தியாரை வீட்டில் எல்லோரும் 'கொடியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கடலோரத்தில் வாழ்ந்து அழிந்த ஒரு பழைய அரசின் பெயர் 'கொடிநாடு' என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால் கிடைத்த பட்டம். ஆதாரம் ஒரே ஒரு கல்வெட்டு. கப்பலுக்குக் கப்பல் கொடி கட்டிப் பறந்தவர்கள், அதனால் கொடிநாடு என்று ஒரு தடிமனான புத்தகமே எழுதித் தள்ளியிருந்தார். அந்தப் பெயரைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கப் போவதாக அன்று சாயங்காலக் கூட்டத்தில் அறிவிப்பு. மேடையில் கட்ட, சுறாமீன் போட்ட கொடி ஒன்றும் தைக்கக் கொடுத்திருந்தார். சுறாமீன் அவருடைய சொந்தச் சரக்கு.

மத்தியானம் தையல்காரர் போன் செய்தார்.

"சார், கொடி ரெடி. வீடு எங்க?"

"நேரா வாங்க, தெருக்கோடி."

"தெருக்கொடியா? சரியா கேக்கல சார்."

"கொடி இல்லய்யா, கோடி! கோடி! தெரு முடியுற இடம்!"

கத்திவிட்டு வாத்தியார் அப்படியே நின்றார். பழைய கல்வெட்டில் 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் ஒரே எழுத்துதான். குறிலா நெடிலா என்று படிப்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். இதை வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்த மகானே அவர்தான். கல் கிடைத்ததோ, நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையில். அட கண்றாவியே, கோடிநாடு! கோடியில் கிடந்த நாடு, அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னார். கெட்ட நேரம், அவள் தம்பியும் பக்கத்தில் இருந்தான்.

"வாயத் திறக்காதீங்க மச்சான். செத்துப்போன ராஜாவா வந்து கேக்கப் போறான்?"

"ராஜா வரமாட்டான். புள்ளைங்க தப்பா படிக்குமேடா" என்றாள் மனைவி.

சாயங்காலம் மேடையில் சுறாமீன் படபடத்தது. பாராட்டிப் பேச எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு வாத்தியார் மைக்கைப் பிடித்தார். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தேதான் நின்றார்.

"அது கொடிநாடு இல்லீங்க, கோடிநாடு. இத்தனை வருஷமா தலையில கொம்பு முளைச்ச மாதிரி திரிஞ்சேன். எழுத்துல ஒரு கொம்ப விட்டுட்டேன். பாடத்துல அந்தப் பேரைப் போட்டுடாதீங்க."

முதலில் சிரித்தவன் மச்சினன். பிறகு அரங்கமே சிரித்தது. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கீழே இறங்கியதும் மனைவி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க கோடியாரே, வீட்டுக்குப் போலாம்."