காபி இல்லைக்கா

குப்பியைப் பார்த்ததுமே அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே இருந்தது பால் விடாத காபி மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் தம்பியின் கோணல் எழுத்து.

"போன மாசம் ஏமாந்தேன். மறுபடியும் என் காதுல பூ சுத்தலாம்னு பாக்கறியா, வாலு?"

போன மாதக் கூத்தை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடம் இன்னும் மறக்கவில்லை. சிறுநீர்க் குப்பியில் காபியை ஊற்றி அவள் மேசையில் வைத்துவிட்டான், இந்த வாலு. பதினோரு வருடமாக இதையே பார்த்துப் பழகியவள், யாருக்கோ ரத்தம் போகிறது என்று டாக்டர் அறைக்கே ஓடினாள். மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து கூட்டுகிற அம்மாகூட அவளைக் 'காபியக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

"இது காபி இல்லைக்கா. சத்தியமா." பெஞ்சில் சரிந்து கிடந்தான் தம்பி.

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?"

அவன் பார்க்கப் பார்க்கக் குப்பியைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயையும் திறந்துவிட்டாள். அப்போதுதான் வாடை மூக்கில் ஏறியது. காபி வாசனை இல்லை. காலிக் குப்பி அவள் கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எழுந்து வாடா இங்க!"

அவனால் எழ முடியவில்லை. ஓடிப்போய்த் தொடையில் கை வைத்தாள். பேன்ட் கிழிந்துவிடும்போல வீங்கி, கல்லாக இறுகியிருந்தது. தொட்டதற்கே அலறினான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"முந்தாநாள் ஜிம்முல பந்தயம். ஐந்நூறு தடவை உக்காந்து எழுந்தேன். நான்தான் ஜெயிச்சேன். வலிச்சாத்தான் உடம்பு ஏறும்னு எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும் என்ன எல்லாரும்? நேற்று போனில் அவன் முனகியபோது, "வலிக்கட்டும், சோம்பேறி" என்று சிரித்தவள் அவளும்தான். இந்தத் தடவையும் டாக்டர் அறைக்கே ஓடினாள்.

டாக்டர் வந்து தொடையை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"தசை நொறுங்கிப் போயிருக்கும்மா. அந்தக் கழிவெல்லாம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்குது. யூரின் கறுத்தது அதனாலதான். உடனே அட்மிட் பண்ணணும். கடைசியா எப்ப போனான்?"

"இப்பத்தான் டாக்டர். நான்... கொட்டிட்டேன்."

"சரி, இன்னொரு தடவை எடுங்க."

சக்கர நாற்காலியில் வைத்துக் கழிவறைக்குத் தள்ளிப் போனாள். கதவுக்கு வெளியே நின்றாள். பத்து நிமிடம் கழித்துக் குப்பி காலியாகவே வந்தது.

"வர மாட்டேங்குதுக்கா." அவன் முகத்தில் விளையாட்டே இல்லை.

வார்டில் சலைன் பாட்டில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறங்கியது. கட்டிலுக்கடியில் தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் பையில் ஒன்றும் இறங்கவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள், டாக்டரைக் கூப்பிடப் போனாள். அக்கா தரையில் உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்போ சிவப்போ, ஒரு சொட்டு வந்தால் போதும். குப்பி நிறைய வந்ததைச் சிரித்துக்கொண்டே கொட்டியவள் அவள்.

"அக்கா, வந்துச்சா?" மேலிருந்து கேட்டான்.

"வருதுடா," என்றாள்.

அவன் நம்பிவிட்டான்.