விரிசல் விட்ட போன்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: சமூக அறிவியல் டீச்சர் பிரிசில்லா, டவுன் அணி, அதன் தலைவன் தமிழ்வேந்தன், கடலோரக் குப்பத்து அணி, அதன் தலைவி பொன்னி. அணி பிரித்தது பிரிசில்லாதான். அப்புறம் இரண்டு போன்கள். ஒன்று அவளுடைய புதுப் போன். மற்றது அவள் வீட்டு அலமாரியில் கிடந்த, கண்ணாடி விரிசல் விட்ட பழசு.

பள்ளிக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் இரண்டையும் அவளே கொண்டுவந்தாள்; சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறும் முன்பே யாருக்கு எது என்று முடிவு செய்திருந்தாள். புதுசு தமிழ்வேந்தனுக்கு. பழசு பொன்னிக்கு.

தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், சைக்கிள் கொட்டகை என்று பள்ளி முழுக்க க்யூஆர் கோடு ஒட்டியிருந்தாள். ஸ்கேன் பண்ணினால் புவியியல் கேள்வி வரும். விடை சரியென்றால் அடுத்த தாள் எங்கே என்று டீச்சர் சொல்வாள். கடைசித் தாள் வரைபட அறைக்குள்.

முதல் தாளிலேயே பழைய போன் படுத்துவிட்டது.

"டீச்சர், கேமராவே தெறக்க மாட்டேங்குது."

"நல்லா தொடச்சிட்டுப் புடி."

"ஒடஞ்சி கெடக்குது, எதைத் தொடைக்கிறது?" என்றாள் பொன்னி.

"வலை போட்டுப் புடிங்கடி!" என்று கூவினான் தமிழ்வேந்தன்.

"நீ மொதல்ல கெடிலம் ஆறு எங்க கலக்குதுன்னு சொல்லுடா. தெனம் பாலத்து மேலதான வர்ற?"

டவுன் அணி முடித்துவிட்டு வந்தது. வேறு வழியில்லாமல் புதுப் போனைப் பொன்னியிடம் கொடுத்தாள் பிரிசில்லா. "பத்திரம்" என்றாள். தமிழ்வேந்தனிடம் அதைச் சொல்லவில்லை.

குப்பத்துப் பிள்ளைகள் பறந்தார்கள். பிச்சாவரத்தில் என்ன காடு, நெய்வேலியில் என்ன நிலக்கரி, எல்லாம் சொன்னார்கள். வரைபட அறையில் கடைசித் தாளுக்கு நேராகப் பொன்னி போனைப் பிடித்தாள். திரையில் எழுத்து வந்தது.

"கேள்வி வந்திடுச்சி!" என்று சத்தமாகப் படித்தாள். "குப்பத்துப் பிள்ளைங்ககிட்ட புதுப் போன குடுத்தா திரும்பி வராதுன்னு சொன்னியே... பழசு... ஒழுங்கா வேல செய்யுதா?"

கேள்வி இல்லை. பிரிசில்லாவின் கணவன் சார்லஸ் அனுப்பிய மெசேஜ்.

"அது... சார் சும்மா வெளையாட்டுக்கு..." என்றாள் பிரிசில்லா. பொய். சொன்னது அவள்தான். காலையில், இட்லியைப் பிட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

பொன்னி மெசேஜைத் தள்ளிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினாள். "வங்காள விரிகுடா" என்று விடை சொன்னாள். போனைத் தாவணி முனையில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க டீச்சர்."

பிள்ளைகள் வெளியே போனார்கள். பொன்னி கடைசியாக.

"ரூமைப் பூட்டிடுங்க. நாளைக்கி ஏதாச்சும் காணோம்னா எங்களத்தான கேப்பீங்க."

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. வராந்தாவில் முதுகைக் காட்டி நின்றாள். அந்த அறை எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது பள்ளி விதி. பிரிசில்லா கதவைச் சாத்தினாள், பூட்டை அழுத்தினாள். பிறகு, பழக்க தோஷம், கை தானாகப் போய் அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது.